கட்டாய உழைப்புக் கலவாமல் உடுப்புத் தைப்பிப்பது எப்படி: திருகோணமலை வியாபாரிகளுக்கும் தையல் நிலையங்களுக்கும்

உப்புவெளி, நிலாவெளிக் கரையில் ரீசேட் விற்கும் கடைக்காரர், ஊழியருக்குச் சீருடை தைப்பிக்கும் விடுதி, திருப்பூரிலிருந்து பொதி இறக்கும் புடவைக் கடை, கொழும்புக் கொம்பனியிடம் சப் (துணை ஒப்பந்தம்) எடுத்துத் தைக்கும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் தையல் நிலையம் ஆகிய எல்லோருக்குமானது இந்த வழிகாட்டி. பெரிய கொம்பனிகளிடம் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். சிறியவர்களிடம் இருப்பது கல்குலேட்டரும் தொலைபேசியும் நேரில் போய்ப் பார்க்கும் கண்ணும்தான். ஒழுங்காகப் பயன்படுத்தினால் அவை போதும்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். குறைந்த சம்பளம் எல்லாமே அடிமைத்தனம் ஆகிவிடாது. ஒருவர் அந்த வேலையை விட்டுப் போக நினைத்தும் போக முடியாமல் இருந்தால், கடன், மிரட்டல், ஏமாற்று, பிடித்து வைத்த சம்பளம் அல்லது அடையாள அட்டை அவரைக் கட்டி வைத்திருந்தால், அதுதான் கட்டாய உழைப்பு. சர்வதேச தொழில் அமைப்பு இதற்கு 11 அறிகுறிகளைச் சொல்கிறது: ஒருவரின் இக்கட்டான நிலையைப் பயன்படுத்துதல், ஏமாற்றுதல், நடமாட்டத்தைத் தடுத்தல், தனிமைப்படுத்தல், உடல் அல்லது பாலியல் வன்முறை, மிரட்டல், ஆவணங்களைப் பிடித்து வைத்தல், சம்பளத்தை நிறுத்தி வைத்தல், கடனால் கட்டுதல், மோசமான வேலை மற்றும் தங்குமிட நிலை, அளவுக்கு மீறிய மேலதிக நேர வேலை. இந்த அமைப்பும் கூட்டாளிகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர். 11ஐயும் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருங்கள். ஒன்று தென்பட்டால் கேள்வி கேளுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து தென்பட்டால் ஓடரை நிறுத்தி விசாரியுங்கள்.

விலையும் நாளும்: உங்கள் கையிலிருந்தே தொடங்குவது

தையல் நிலையத்தைச் சோதிக்கும் முன் உங்கள் ஓடரைச் சோதியுங்கள். கட்டாய மேலதிக வேலையில் பெரும்பங்கு, கொடுக்க முடியாத நாளையும் கட்டாத விலையையும் வாங்குபவர் கேட்பதால் வருகிறது. தையல் நிலையக்காரர் மறுத்தால் ஓடர் அடுத்தவரிடம் போய்விடும் என்று ஒத்துக்கொள்கிறார். மிச்சத்தை மெஷினில் இருக்கும் பெண் சுமக்கிறாள். இந்தப் பகுதியைச் சரியாகச் செய்தாலே பாதிப் பிரச்சினை வராது.

12 மெஷின், 12 பேர், ஒரு நாள் 8 மணி நேரம் என்றால் 5,760 நிமிடம். சிறிய நிலையங்களில் அதில் பாதிதான் உண்மையான தைப்பாக மாறும். நூல் அறும், மின் தடைப்படும், வெட்டிய துணிக் கட்டு வரத் தாமதமாகும். ஆக 2,880 நிமிடம். ஒரு சாதாரண சேட் தைக்க 20 நிமிடம் என்று எடுத்தால் நாளொன்றுக்கு 144 சேட். 3,000 சேட்டுக்கு 21 வேலை நாள். வாரம் 45 மணி நேரம் என்ற ஒழுங்கில் அது கிட்டத்தட்ட 4 வாரம். வெட்டுதல், பொத்தான், அயன், பொதி கட்டுதலுக்கு இன்னும் ஒரு வாரம் வையுங்கள். புது வடிவம் என்றால் முதல் இரண்டு மூன்று நாள் கை பழக வேண்டும், அந்த நாட்களில் கணக்கில் பாதிகூட வராது.

இந்த ஓடரை 2 வாரத்தில் கேட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். இரவு வேலை வைப்பார்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு வீட்டுக்கு அனுப்புவார்கள். அல்லது பாடசாலை முடிந்து வரும் பிள்ளைகளைப் பொத்தானுக்கும் நூல் வெட்டவும் இருத்துவார்கள். இங்கே நெருக்கடி வரும் மாதங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: சித்திரைப் புத்தாண்டு, ரமழான், தீபாவளி, புதிய பாடசாலைத் தவணைக்கு முந்திய வாரங்கள். கிழக்குக் கரைச் சுற்றுலாப் பருவம் சித்திரையோடு சேர்ந்தே தொடங்குவதால் கடற்கரைக் கடைகளின் ஓடரும் அதே மாதத்தில் விழுகிறது. கடற்கரை ரீசேட் ஓடரைத் தை மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பாதை மறிபட்டால் இழந்த நாளை இரவு வேலையால் ஈடுகட்டச் சொல்லாதீர்கள். அந்த மாதங்களில் ஒப்படைக்கும் திகதிக்கு ஒரு வாரம் கூட்டியே எழுதுங்கள்.

இனி விலை. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். தொழில்வாரியாகச் சம்பளம் நிர்ணயிக்கும் சம்பளச் சபையின் தீர்மானம் அதற்கு மேல் சொன்னால் அதுவே பொருந்தும். தொழில்கொடுநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். ஆக 34,500. வாரம் 45 மணி நேரப்படி மாதம் 195 மணி, அதாவது 11,700 நிமிடம். ஒரு நிமிடம் 2.95 ரூபாய். பாதி நேரமே தைப்பாக மாறுவதால் ஒரு தைப்பு நிமிடம் 5.90 ரூபாய். 20 நிமிடச் சேட்டுக்கு 118 ரூபாய். ஆண்டு விடுமுறைக்கும் சட்டப்படியான விடுமுறை நாட்களுக்கும் சம்பளம் உண்டு. அதற்கு 10 வீதம் சேர்த்தால் 130 ரூபாய்.

இது மெஷினில் இருப்பவரின் கூலி மட்டும். வெட்டுபவர், அயன்காரர், நூல், மின்சாரம், வாடகை, முதலாளியின் இலாபம் எல்லாம் இதற்கு வெளியே. எல்லாவற்றுக்குமாகச் சேட்டுக்கு 100 ரூபாய் போதும் என்று ஒருவர் சொன்னால் உடனே குற்றம் சாட்ட வேண்டாம். நன்றாக ஒழுங்குபடுத்திய ஒரு நிலையம் 70 வீதத் திறனில் ஓடலாம், அங்கே தைப்புக் கூலி 84 ரூபாய்க்கும், விடுமுறைச் சம்பளத்தைச் சேர்த்தால் 93 ரூபாய்க்கும் இறங்கும். எப்படிக் கட்டுகிறது என்று நிமிடக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் மலிவு எங்கிருந்து வருகிறது என்பது கேட்காமலே விளங்கும்.

ஓடர்ப் படிவத்தில் கூலியைத் தனி வரியாக எழுதுங்கள். பேரம் துணியிலும் பொதியிலும் நடக்கட்டும், அந்த வரியில் நடக்கக் கூடாது. மாதிரியை ஒப்புக்கொள்ள நீங்கள் 4 நாள் பிந்தினால் ஒப்படைக்கும் திகதியும் 4 நாள் தள்ளும் என்றும், வெட்டிய பிறகு வடிவம் மாற்றினால் அதற்குத் தனிக் கூலி என்றும் எழுதுங்கள். மாதச் சம்பளம் மாதம் முடிந்து 10 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். உங்கள் காசு 60 நாள் கழித்துப் போனால் அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும்? 40 வீதம் முன்பணம், மிச்சம் ஒப்படைத்து 14 நாளுக்குள் என்று வைப்பது சிறிய நிலையங்களுக்குத் தாங்கும் ஒழுங்கு.

நேரில் போய்ப் பார்க்கும்போது

இரண்டு தடவை போங்கள். ஒன்று சொல்லிவிட்டு, மற்றது சொல்லாமல் மாலை 6 மணிக்குப் பிறகு அல்லது ஞாயிற்றுக்கிழமை. சொல்லிவிட்டுப் போகும் நாளில் எல்லா இடமும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

கேட்க வேண்டிய முதல் தாள் சேமலாப நிதியின் சி படிவம் (யார் யாருக்கு எவ்வளவு கட்டியது என்று மாதாமாதம் பெயர்வாரியாகக் காட்டும் தாள்), கடைசி 3 மாதத்துக்கு. அதில் எத்தனை பெயர் என்று எண்ணுங்கள். பிறகு மெஷின்களையும் ஆட்களையும் எண்ணுங்கள். 25 பேர் தைக்கும் இடத்தில் சி படிவத்தில் 9 பெயர் என்றால் மற்ற 16 பேருக்குக் கணக்கே இல்லை. “அவர்கள் கெசுவல், துண்டுக் கணக்குக்காரர், பயிற்சியில் இருப்பவர்கள்” என்ற பதில் வரும். தற்காலிக ஊழியருக்கும் துண்டுக் கணக்கில் வேலை செய்பவருக்கும் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி உண்டு. ஊழியரின் பங்கு 8 வீதம் சம்பளத்தில் கழிக்கப்பட்டு நிதிக்குப் போகாமல் இருப்பதுதான் அடிக்கடி நடப்பது. சம்பளச் சிட்டையில் கழித்த தொகையும் சி படிவத்தில் கட்டிய தொகையும் ஒன்றா என்று இரண்டு மூன்று பெயர்களுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரவுப் பதிவேட்டில் எல்லோரும் 8.00க்கு வந்து 5.00க்குப் போனதாக ஒரே பேனையில் இருந்தால் அது பிறகு நிரப்பியது. அதை மின்சாரக் கட்டணத்தோடும் பொருள் ஏற்றிய திகதிகளோடும் ஒப்பிடுங்கள். மேலதிக நேரமே இல்லை என்ற மாதத்தில் மின் அலகு ஒன்றரை மடங்கு ஏறியிருந்தால் இரவில் மெஷின் ஓடியிருக்கிறது. ஏற்றிய உடுப்பு மேலே சொன்ன நிமிடக் கணக்கை விட அதிகமாக இருந்தால் வேலை வெளியே போயிருக்கிறது. எந்த வீட்டுக்கு என்று கேளுங்கள். அச்சு, எம்பிரொய்டரி, கழுவுதல், பொத்தான் வேலை பெரும்பாலும் வெளியேதான் நடக்கும். ஒவ்வொன்றும் எங்கே நடக்கிறது என்று எழுதி வாங்குங்கள்.

மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. பெண்களுக்குத் தொழிற்சாலையில் மேலதிக நேரம் மாதம் 60 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 10 மணிக்குப் பிறகு பெண்களை வேலைக்கு வைக்கத் தொழில் ஆணையாளரின் எழுத்து அனுமதியும் அந்தப் பெண்ணின் சம்மதமும் வேண்டும், அதுவும் மாதம் 10 இரவுக்கு மேல் அல்ல. 60 மணி என்பது எல்லை. அதைத் திட்டத்தில் சேர்த்து ஓடர் எடுப்பவர் ஏற்கனவே பிழையான பாதையில் இருக்கிறார்.

கதவைப் பாருங்கள். வேலை நேரத்தில் பூட்டி, திறப்பு மேற்பார்வையாளரின் பையில் இருந்தால், காரணம் களவு என்று சொன்னாலும் ஏற்காதீர்கள். தீ பிடித்தால் அந்தத் திறப்பைத் தேட நேரமிராது. 2013 ஏப்ரல் 24இல் வங்காளதேசத்தில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பு விழுந்திருந்தது. உள்ளே போகப் பயந்தவர்களைச் சம்பளத்தைச் சொல்லிப் பயமுறுத்தி உள்ளே அனுப்பினார்கள். கட்டடப் பாதுகாப்பும் கட்டாய உழைப்பும் எங்கே சந்திக்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஊழியரோடு பேசுவதை முதலாளியின் அறையில் வைத்தால் ஒரு பயனும் இல்லை. மேற்பார்வையாளர் மொழிபெயர்ப்பதும் அப்படித்தான். பஸ் தரிப்பிடத்தில், தங்கும் போடிங்கில், அவர்களின் ஊரில் பேசுங்கள். பெண்களோடு பெண்ணே பேசட்டும். பெயரைக் கொப்பியில் எழுதாதீர்கள், படம் எடுக்காதீர்கள். ஒருவரோடு மட்டும் பேசினால் யார் சொன்னது என்று பிடிபட்டுவிடும். குறைந்தது 5 பேரோடு பேசுங்கள். கேட்க நான்கு கேள்வி போதும்:

“நாளைக்கே வேலையை விட்டால் உங்களுக்கு என்ன இழப்பு?”

“இந்த வேலை கிடைக்க யாருக்காவது காசு கொடுத்தீர்களா?”

“உங்கள் அடையாள அட்டை இப்போது எங்கே?”

“இரவு நிற்க மாட்டேன் என்று சொன்னவருக்கு அடுத்த நாள் என்ன நடந்தது?”

முதல் கேள்விதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. “ஒன்றுமில்லை, வேறு வேலை தேடுவேன்” என்றால் நல்லது. “இரண்டு மாதச் சம்பளம் போகும்”, “அட்வான்ஸைக் கட்டாமல் விடமாட்டார்கள்” என்றால் மேலே சொன்ன 11இல் இரண்டு அங்கேயே இருக்கிறது.

முற்பணமும் தரகரும்

திருகோணமலை மாவட்டத்தில் நுண்கடன் எடுத்த குடும்பங்கள் பல. வெளியில் கடன் இருப்பது அந்தப் பெண்ணை உங்கள் அடிமை ஆக்காது. ஆனால் அந்தக் கடனை அடைக்கத் தையல் நிலையமே பெரிய முற்பணம் கொடுத்து, “கட்டி முடியும் வரை வேலை” என்று சொன்னால் அது கடன்கட்டு. தண்டனைச் சட்டக்கோவை அதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. முற்பணம் கொடுக்கலாம், இப்படிக் கொடுங்கள்: ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வேண்டாம், வட்டி இல்லை, மாதம் 10 வீதத்துக்கு மேல் கழிக்க மாட்டோம் என்று எழுதுங்கள். வேலையை விட்டால் மிச்சத்தைச் சாதாரணக் கடனாகத் தவணையில் தரலாம், சம்பளமோ சேமலாப நிதியோ மறிக்கப்படாது என்ற வரி கட்டாயம் வேண்டும். இரண்டு பிரதி, ஒன்று அவரிடம்.

வேலைக் கடிதம் அவர் வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும். மூதூர், வெருகல் பக்கத்திலிருந்து கட்டுநாயக்க, பியகம சுதந்திர வர்த்தக வலயங்களுக்குப் போகும் பிள்ளைகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும் தாளில் கையெழுத்து வைக்கிறார்கள். வலயத்தில் ஆள் வழங்கும் மேன்பவர் முகவர் வழியாக நாட்சம்பளத்துக்குப் போனால் இன்று ஒரு தொழிற்சாலை, நாளை இன்னொன்று. சேமலாப நிதி கட்டுவது யார் என்று இருவரும் கைவிரிப்பார்கள். மேன்பவர் ஆட்களைப் பயன்படுத்தும் இடத்திலிருந்து நீங்கள் வாங்கினால் முகவரின் பெயர், அவர் கட்டிய சி படிவம், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முகவருக்குப் போவது எவ்வளவு, ஆளின் கைக்குப் போவது எவ்வளவு, நான்கையும் கேளுங்கள். வேலை கிடைக்க ஊழியர் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. கொடுத்திருந்தால் தொழில்கொடுநர் அதைத் திருப்பித் தர வேண்டும்.

ஜோர்தான் போன்ற நாடுகளின் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்து முகவரின் அனுமதிப்பத்திரத்தையும் அந்த வேலை ஓடரையும் சரிபார்க்கட்டும்.

வீட்டில் தைப்பவர்கள்

வீட்டு வேலையை அடியோடு தடைசெய்ய வேண்டாம். சிறு பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கு அது ஒன்றுதான் வருமானமாக இருக்கலாம். மறைத்து வைப்பதுதான் ஆபத்து. துண்டுக் கூலியை இப்படி நிர்ணயியுங்கள்: வேகம், நடுத்தரம், மெதுவு என மூன்று பேரை 20 துண்டு வீதம் தைக்க விட்டு நேரம் பாருங்கள். சராசரி 6 நிமிடம் என்றால் களைப்புக்கும் ஒழுங்குபடுத்தலுக்கும் 15 வீதம் கூட்டி 6.9 நிமிடம். 30,000ஐ 11,700ஆல் பிரித்தால் நிமிடத்துக்கு 2.56. துண்டு ஒன்றுக்கு 17.70, அதாவது 18 ரூபாய், நூலும் மின்சாரமும் தவிர. கொடுத்த திகதி, எண்ணிக்கை, கூலி, வாங்கிய திகதி நான்கையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி அவரிடமே விடுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரத்துக்கும் இதே முறை பொருந்தும்.

துணியின் பின்னால் இருப்பது

தையலுக்குப் பின்னால் துணி ஆலை, நூல் ஆலை, பருத்தி வயல் என மூன்று படி உண்டு, எங்கள் துணியில் பெரும்பங்கு இறக்குமதி. திருப்பூர்ச் சரக்கு வாங்குபவர்கள் நூல் எந்த ஆலை என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் நூற்பு ஆலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று இளம் பெண்களை விடுதியில் அடைத்து, மூன்று ஆண்டு முடிவில் திருமணத்துக்கு மொத்தத் தொகை தருவதாக வேலை வாங்கிய வழக்கம் இருந்தது. இடையில் நோய்ப்பட்டு வீடு திரும்பியவர்கள் அந்தத் தொகையை இழந்தார்கள். பெயர் மாறினாலும் வடிவம் அதுவாகவே இருக்கலாம். கடைசியில் தரும் தொகை ஏதும் உண்டா, விடுதியிலிருந்து தனியாக வெளியே போகலாமா என்ற இரண்டையும் ஆலையிடம் எழுத்தில் கேளுங்கள்.

சீனாவின் சிஞ்சியாங் பருத்தி கலந்த பொருளை அமெரிக்கா 2022 ஜூன் 21 முதல் கட்டாய உழைப்பில் வந்ததாகவே கருதி நிறுத்துகிறது. துர்க்மெனிஸ்தான் பருத்தியையும் 2018 முதல் தடுக்கிறது. கட்டாய உழைப்பில் செய்த பொருட்கள் மீதான ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2027 டிசம்பர் 14இல் நடைமுறைக்கு வருகிறது. கொம்பனி சிறியது என்ற விலக்கு அதில் இல்லை, இணையத்தில் அங்கே விற்பவருக்கும் அது பொருந்தும். ஆண்டு விற்பனை 3 கோடி 60 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட, பிரித்தானியாவில் வியாபாரம் செய்யும் கொம்பனிகள் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டப்படி இதுபற்றி ஆண்டறிக்கை வெளியிட வேண்டும், அவர்களின் கேள்விக்கொத்து உங்களிடமும் வரும். புறக்கோட்டையில் சுருளாக வாங்கும் துணிக்கு ஆலையின் பெயரும் பருத்தி விளைந்த நாடும் இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. பொய்ப் பதில் எழுத வேண்டாம். வேறு துணி தேடுங்கள்.

சான்றிதழ்களில் பலர் ஏமாறுவது ஒகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100இல். அது துணியில் கெடுதியான இரசாயனம் உண்டா என்று பார்ப்பது, தைத்தவரின் நிலை பற்றி ஒன்றும் சொல்லாது. ஸ்மெட்டா தொழிற்சாலையின் வேலை நிலைமையைப் பார்க்கும் ஒரு தணிக்கை முறை, சான்றிதழ் அல்ல. அறிக்கையின் முழுப் பிரதியையும் கேட்டு, கண்ட குறைகள் மூடப்பட்டனவா என்று பாருங்கள். பருத்தி வளர்ப்புத் திட்டமான பெட்டர் கொட்டனின் பெயரைச் சொல்வதால் மட்டும் அந்தச் சேட்டிலேயே அந்தப் பருத்தி இருக்கிறது என்று பொருளல்ல, பல வேளைகளில் வாங்கிய அளவும் விற்ற அளவும் கணக்கில் பொருந்தினால் போதும். கோட்ஸ் (இயற்கை முறையில் விளைந்த நாரால் ஆன துணிக்கான சான்றிதழ்) என்றால் ஆலையின் சான்றிதழோடு நிற்காமல், உங்கள் பொதிக்கான கொடுக்கல் வாங்கல் சான்றிதழைக் கேளுங்கள். முதலாவதை மட்டும் காட்டி வேறு துணியை விற்பது இலேசு.

பிழை கண்டால்

உடனே ஓடரை வெட்டிவிட்டு விலகுவது மனச்சாட்சிக்கு இலேசு, தைப்பவருக்கு நட்டம். அடுத்த மாதம் அவர் இதைவிட மோசமான இடத்தில் இருப்பார். பூட்டிய கதவு, பிடித்து வைத்த அடையாள அட்டை ஆகிய இரண்டும் அன்றைக்கே தீர வேண்டும். நிலுவைச் சம்பளமும் ஊழியர் கொடுத்த தரகுக் காசும் 30 நாளுக்குள், தொகை ஒவ்வொருவரின் கைக்கும் போனதற்கு ஆதாரத்தோடு. சேமலாப நிதி நிலுவை அபராதக் கட்டணத்தோடு கட்டப்பட வேண்டும். உங்கள் அவசரத் திகதி இதற்கு ஒரு காரணம் என்றால் அந்தச் செலவில் உங்களுக்கும் பங்கு உண்டு.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கண்டால் அன்றே வேலையிலிருந்து எடுத்துச் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அறிவியுங்கள். வெறுமனே விரட்டினால் பிள்ளை செங்கல் வாடிக்கோ மீன் வாடிக்கோ போகும். பாடசாலையில் மீண்டும் சேர்ப்பது, அந்தச் சம்பளத்தை வீட்டுக்குத் தொடர்ந்து கொடுப்பது, வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுப்பது மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும். 16இலிருந்து 18 வரையுள்ளவர்களுக்கு ஆபத்தான வேலை கூடாது, வெட்டும் மெஷினும் இரசாயனக் கறை நீக்கலும் அவர்களுக்கு வேண்டாம்.

அடைத்து வைத்தல், பாலியல் வன்முறை, ஆட்கடத்தல் தெரிந்தால் நீங்களே விசாரணை நடத்தாதீர்கள். பொலிஸ் 119, பெண்களுக்கு 1938. பாதிக்கப்பட்டவர் வளர்ந்தவர் என்றால் அவரின் சம்மதத்தோடு செய்யுங்கள். சம்பளம், சேமலாப நிதி முறைப்பாட்டுக்குத் திருகோணமலைத் தொழில் அலுவலகம், வழக்குக்குக் காசில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் பட்டணத்திலேயே இருக்கிறது. இந்த விபரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டச் செய்யுங்கள். கமரா இல்லாமல் நின்று வாசிக்கக்கூடிய இடம் அதுதான்.

முறைப்பாட்டுக்குப் பிறகு 30ஆம் நாளும் 90ஆம் நாளும் திரும்பப் போங்கள். சி படிவத்தைப் பழையதோடு ஒப்பிட்டு யாருடைய பெயர் இல்லாமல் போனது என்று பாருங்கள். உங்களோடு பேசியவர்களுக்கு வேலை போயிருந்தால், அல்லது மெஷினிலிருந்து எடுத்துக் கூட்டவும் துடைக்கவும் விட்டிருந்தால், இடைப்பட்ட நாட்களின் சம்பளத்தோடு அவர்கள் பழைய இடத்தில் இருத்தப்படும் வரை அடுத்த ஓடரில் கையெழுத்து வைக்காதீர்கள்.